கணினியா, ஆளா? பரிவும் கற்பனையும் வேண்டிய வேலைகளை யாரிடம் கொடுப்பது

அலுவலகத்தில் எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்களை இப்போது விடாமல் துரத்தும் கேள்வி இது: இதைக் கணினியே பார்த்துக்கொள்ளட்டுமா, இல்லை ஆள் வேண்டுமா? எல்லோரும் கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கணக்கு, வேகம், ஞாபகம் எல்லாம் கணினிக்கு. பரிவும் படைப்பாற்றலும் மனிதருக்கு. கூட்டத்தில் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அதை நம்பி ஆள் எடுக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பாதி தப்பு அது.

2023ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வைப் பாருங்கள். பொதுமக்கள் இணையத்தில் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளை எடுத்தார்கள். அவற்றுக்கு மருத்துவர்கள் எழுதியிருந்த பதில்களையும் சாட்ஜிபிடி எழுதிய பதில்களையும், எது யாருடையது என்று சொல்லாமல், மருத்துவத் துறையினரிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். பரிவானது அல்லது மிகவும் பரிவானது என்று பெயர் வாங்கியவை மருத்துவர்களின் பதில்களில் 4.6 சதவீதம். கணினியின் பதில்களில் 45.1 சதவீதம்.

இதற்குச் சமாதானம் சொல்லலாம். மருத்துவர்கள் சம்பளம் வாங்காமல், கிடைத்த நேரத்தில் எழுதியவர்கள். அவர்களுடைய பதில் சராசரியாக 52 சொற்கள்தான், கணினியோ 211 சொற்கள் எழுதியது. மதிப்பெண் போட்டவர்களும் நோயாளிகள் இல்லை. எல்லாம் சரி. ஆனாலும் எழுத்தில் ஆறுதல் சொல்வது மனிதருக்கு மட்டுமே வரும் என்று இனி வாதாட முடியாது. அந்த வாதம் 1966லேயே ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற சின்ன நிரல், எதிரில் இருப்பவர் சொன்னதையே கொஞ்சம் மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. அவர் அதை எழுதியதைப் பல மாதங்கள் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேச ஆரம்பித்துச் சில வரிகளுக்குள், அறையை விட்டுக் கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரிடம் கேட்டாராம்.

அப்படியென்றால் மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? 2023 தொடக்கத்தில் கோகோ என்ற மனநல உதவிச் சேவை, சுமார் 4,000 பேருக்கு ஏஐ துணையுடன் எழுதிய ஆறுதல் செய்திகளை அனுப்பிப் பார்த்தது. மனிதர்கள் தனியாக எழுதியவற்றைவிட அவற்றுக்குத்தான் நல்ல மதிப்பீடு வந்தது. ஆனால் அதில் இயந்திரத்தின் கை இருக்கிறது என்று தெரிந்ததும் ஆறுதல் ஆறுதலாக இல்லாமல் போனது என்று அந்தச் சேவையைத் தொடங்கியவரே சொன்னார். முன்கூட்டிச் சொல்லாமல் இப்படிச் சோதித்ததற்காக அவர் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டதும் நடந்தது. சொற்கள் மாறவில்லை, மதிப்பு மட்டும் மாறிவிட்டது. ஏன்? ஆறுதல் என்று நாம் எடுத்துக்கொள்வது அந்தச் சொற்களை மட்டும் இல்லை. வேறு வேலை இருந்தும் ஒருவர் நமக்காக நேரத்தைச் செலவழித்தார் என்பதையும் சேர்த்துத்தான். கணினிக்கு நேரம் செலவாவதில்லை.

வேலையிடத்தில் இன்னும் ஒன்று சேர்ந்துகொள்கிறது: அதிகாரம். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், அதாவது கேள்விக்குத் தானாகப் பதில் எழுதும் நிரல், பாட்டியை இழந்த ஒருவரிடம், துக்கத்துக்காகப் பயணம் செய்பவர்களுக்கான சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் 90 நாளுக்குள் கேட்டுப் பெறலாம் என்று சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. அவர் போய்க் கேட்டபோது பணம் தர மறுத்த நிறுவனம், பின்னர் தீர்ப்பாயத்தில் வைத்த வாதம் விசித்திரமானது: அந்தச் சாட்பாட் தனக்குத் தானே பொறுப்பான ஒரு தனி அமைப்பாம். 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், இணையதளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லிப் பணத்தைத் தரச் சொன்னது. சாட்பாட் கனிவாகத்தான் பேசியிருக்கும். அது சொன்ன சொல்லுக்கு நிற்க ஆள் இல்லை என்பதுதான் சிக்கல்.

அதனால் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது கனிவை இல்லை. எதிரில் வருபவரின் நிலைமையைக் கேட்டுவிட்டு, 'சரி, உங்களுக்காக இதை மாற்றித் தருகிறேன்' என்று சொல்ல வேண்டிய அவசியம் அந்த வேலையில் வருமா? வரும் என்றால், அப்படிச் சொல்லும் அதிகாரம் அங்கே இருப்பவருக்கு உண்டா? பரிவுள்ள ஆள், பரிவில்லாத கணினி என்ற பிரிவினை இந்த இரண்டு கேள்விகளுக்கு முன்னால் நிற்பதில்லை.

இரண்டு ஓரங்கள்

முழுக்கக் கணினியிடம் விடுவது என்றாலே பலருக்கு ஒரு தயக்கம். சில இடங்களில் அது தேவையில்லாத தயக்கம். கடவுச்சொல் மாற்றுவது, ரசீது எடுப்பது, பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது, இதற்கெல்லாம் யாரும் பரிவை எதிர்பார்ப்பதில்லை. நள்ளிரவிலும் உடனே பதில் வர வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு இடம், கூச்சம். 2014ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், திரையில் தெரியும் மெய்நிகர் உருவத்துடன் மனம் விட்டுப் பேசச் சொன்னார்கள். அதை இயக்குவது கணினிதான் என்று நம்பியவர்கள், பின்னால் ஒரு மனிதர் இருப்பதாக நம்பியவர்களைவிடக் கூடுதலாகத் திறந்து பேசினார்கள். கடன், நோய், குடிப்பழக்கம் போன்றவற்றைப் பற்றி முதல் தடவை வாய் திறப்பவருக்கு, தன்னை யாரும் எடைபோடவில்லை என்பதே பெரிய நிம்மதியாக இருக்கலாம்.

தீர்ப்பு சொல்லும் வேலையிலும் மனிதர் எப்போதும் மேல் என்று சொல்ல முடியாது. 1954லேயே உளவியலாளர் பால் மீல், நிபுணரின் உள்ளுணர்வையும் எளிய புள்ளியியல் சூத்திரத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். அநேகமாக எல்லாவற்றிலும் சூத்திரம் நிபுணருக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. ஒரே மாதிரியான இரண்டு விண்ணப்பத்துக்குக் காலையில் ஒரு முடிவும் மாலையில் ஒரு முடிவும் கொடுப்பது சூத்திரத்துக்குத் தெரியாது.

சிக்கல் எங்கே வருகிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் விவகாரத்தைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. அரசு உதவித்தொகை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தங்கள் வருமானத்தைச் சொல்ல வேண்டும். கணினி என்ன செய்ததென்றால், வரித்துறையிடம் இருந்த முழு ஆண்டு வருமானத்தை எடுத்து, இரண்டு வாரத் தவணைகளாகச் சமமாகப் பிரித்துப் போட்டது. ஆறு மாதம் வேலை பார்த்து, ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கியவர், கணினியின் கண்ணுக்கு ஆண்டு முழுவதும் சம்பாதித்துக்கொண்டே உதவியும் வாங்கிய ஏமாற்றுக்காரராகத் தெரிந்தார். முன்பு இப்படிப்பட்ட முரண்பாடு தெரிந்தால் ஓர் அதிகாரி விசாரித்துப் பார்ப்பார். 2016லிருந்து அந்த வேலையை எடுத்துவிட்டு, கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை நோட்டீஸ் வாங்கியவர் தலையில் கட்டினார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மேல் சட்டத்துக்குப் புறம்பான கடன் சுமத்தப்பட்டது. 2019 கடைசியில் திட்டம் நிலைகுலைந்தது; 2023ல் அரச விசாரணை ஆணையம் தந்த அறிக்கை கடுமையாகக் கண்டித்தது.

கவனியுங்கள், கணினி கணக்கில் தப்பு செய்யவில்லை. வகுத்தல் சரியாகத்தான் வந்தது. 'அந்த ஆறு மாதம் என்ன ஆயிற்று உங்களுக்கு?' என்று கேட்க ஆள் இல்லை. பரிவு என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம், ஒரு சந்தேகம் வந்திருந்தால் போதும். பணம், தண்டனை, வேலை நீக்கம், சிகிச்சை மறுப்பு என்று ஒருவரின் வாழ்க்கையைத் தொடும் முடிவுகளை முழுக்கக் கணினியிடம் விடுவதை நான் எந்த விலைக்கும் ஏற்க மாட்டேன்.

மறு ஓரம், எல்லாமே ஆள். இதைப் புனிதமாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. நோயாளி பேச ஆரம்பித்தால் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984லேயே ஓர் ஆய்வு சொன்னது. ஆள் இருக்கிறார் என்பதற்காகவே காது கொடுத்துக் கேட்பார் என்று சொல்ல முடியாது. அமேசான் ஆள் எடுப்பதற்காக உருவாக்கிய ஒரு நிரல், பெண்களின் விண்ணப்பங்களைப் பின்தள்ளியதால் கைவிடப்பட்டது என்பது 2018ல் வெளியே வந்தது. அந்தப் பாரபட்சத்தை அது எங்கே கற்றது? நிறுவனத்துக்குப் பத்து ஆண்டுகளில் வந்து குவிந்த விண்ணப்பங்களிலிருந்து, அதாவது ஆண்களே நிறைந்திருந்த ஒரு துறையின் பழக்கத்திலிருந்து. மனிதர் பக்கம் சுத்தமாக இருந்திருந்தால் கணினிக்கு அந்த அழுக்கு ஒட்டியிருக்காது.

பரிவையே வேலையாகச் செய்பவருக்கு அது உடலுழைப்பைப் போலவே அசதி தரும். விமானப் பணிப்பெண்களை வைத்து 1983ல் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் இதைப் பற்றி விரிவாக எழுதினார். உணர்ச்சி உழைப்பு என்ற பெயரும் அவர் கொடுத்ததுதான். நாள் முழுக்கச் சிரித்த முகத்துடன் திட்டு வாங்குபவரிடம் மாலை ஐந்து மணிக்கு மிச்சமிருக்கும் பரிவு எவ்வளவு என்று அவரை வேலைக்கு வைத்தவர்தான் யோசிக்க வேண்டும். இன்னும் மோசம், ஸ்கிரிப்ட். 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்று படித்துக் காட்டவும், வேறு எதுவும் செய்யாமல் இருக்கவும் மட்டுமே அனுமதி உள்ள ஆளைப் பல கஸ்டமர் கேர்களில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த ஆளைக் கணினியோடு ஒப்பிட்டால் கணினிதான் ஜெயிக்கும், அதில் ஆச்சரியமே இல்லை. அந்த மனிதரைத்தான் ஏற்கெனவே கணினியாக்கி வைத்திருக்கிறோமே.

நடுவில் இருக்கும் இரண்டு வழிகள்

பெரும்பாலான அலுவலகங்கள் இந்த இரண்டு ஓரத்துக்கும் போவதில்லை. சாதாரணமாக எடுக்கும் மூன்றாவது வழி, முன்னால் கணினியை நிறுத்துவது. அதற்கு முடியாததைப் பின்னால் இருக்கும் ஆளுக்கு அனுப்புவது. காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. சுவீடனைச் சேர்ந்த கிளார்னா நிறுவனம் 2024 பிப்ரவரியில், தன் ஏஐ உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டதாகவும், 700 முழுநேர ஊழியர்களின் வேலையைச் செய்வதாகவும் அறிவித்தது. 2025ல் அதன் தலைமை நிர்வாகியே, செலவைக் குறைப்பதில் அளவுக்கு மீறிக் கண் வைத்ததால் தரம் குறைந்தது என்று சொல்லி, வேண்டும் என்கிற வாடிக்கையாளருக்கு எப்போதும் ஒரு மனிதர் கிடைக்கும்படி மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தார். கணினியை அவர்கள் கைவிடவில்லை, விகிதத்தைத்தான் மாற்றினார்கள்.

இந்த வழியில் இரண்டு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுப்போகும். ஒன்று, பின்னால் இருக்கும் ஆளிடம் வந்து சேரும் அழைப்புகள் எல்லாமே கஷ்டமானவை. முன்பெல்லாம் நான்கு சுலபமான அழைப்புக்கு நடுவே ஒரு கடினமான அழைப்பு வரும், மூச்சு விட்டுக்கொள்ளலாம். இப்போது சுலபமானதையெல்லாம் கணினி எடுத்துக்கொண்டது. வருகிற ஒவ்வொருவரும் கணினியோடு மல்லுக்கட்டி, கோபத்துடன் வருகிறார். அதே ஆள், அதே சம்பளம், ஆனால் வேலை முன்பைவிடப் பாரம். மேனேஜரின் அறிக்கையிலோ 'அழைப்புகள் பாதியாகக் குறைந்தன' என்று மட்டும் இருக்கும்.

இரண்டாவது, புதிதாக வருபவர் எங்கே கற்றுக்கொள்வார்? சுலபமான கேஸ்களில்தான் எல்லோரும் கை பழகியது. தானியங்கி முறைகளைப் பற்றி 1983ல் லிசான் பெயின்பிரிட்ஜ் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது: இயந்திரத்தால் முடியாத, மிகவும் சிக்கலான தருணங்களை மனிதருக்கு விட்டுவைக்கிறோம், அதே சமயம் அந்தத் தருணத்தைச் சமாளிக்கத் தேவையான அன்றாடப் பழக்கத்தை அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளை மனதில் வைத்து எழுதியது, இன்றைய கால் சென்டருக்கு அப்படியே பொருந்துகிறது.

திருப்பிப் போட்டால் நான்காவது வழி: முன்னால் ஆள், அவர் தோளுக்குப் பின்னால் கணினி. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பொருளியலாளர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் உடன் ஆய்வாளர்களும் இப்படிப் பார்த்தார்கள். வாடிக்கையாளரிடம் சாட்டில் பேசுவது மனிதர்தான். அடுத்து என்ன சொல்லலாம் என்று கணினி அவருக்கு மட்டும் யோசனை காட்டும், எடுப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த பிரச்சினைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். பழுத்த அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றம் இல்லை.

எண்ணிக்கையைவிட எனக்கு இதில் பிடித்தது வேறு. வாடிக்கையாளர்கள் முன்பைவிட மரியாதையாகப் பேசினார்கள், 'உங்கள் மேனேஜரைக் கூப்பிடுங்கள்' என்பது குறைந்தது, ஊழியர்கள் வேலையை விட்டுப் போவதும் குறைந்தது. கணினி காட்டிய யோசனைகள் வானத்திலிருந்து வரவில்லை. அதே அலுவலகத்தின் கெட்டிக்கார ஊழியர்கள் முன்பு எப்படிப் பேசிச் சமாளித்தார்கள் என்பதிலிருந்து எடுத்தவை. மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்லிக்கொடுப்பதைக் கணினி எல்லோருக்கும் செய்தது. இதில் ஒரு நியாயக் கேள்வியும் இருக்கிறது: தன் சாமர்த்தியத்தால் கணினிக்குப் பாடம் சொன்ன அந்த மூத்த ஊழியருக்குக் கூடுதலாக என்ன கிடைத்தது? இந்த வழியை எடுப்பவர்கள் அதற்கும் சம்பளப் பட்டியலில் ஓர் இடம் வைக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. செலவு அதிகம். ஆள் குறையாது, குறைப்பதற்காகவே கணினி வாங்குபவருக்கு இது ஒத்துவராது. திரையில் வருவதை யோசிக்காமல் அப்படியே அனுப்பிவிடும் சோம்பலும் வரும். அதிகாரம் கொடுக்காமல் யோசனை மட்டும் கொடுத்தால், பழைய ஸ்கிரிப்டுக்குப் புதுச் சட்டை போட்டதாக முடிந்துவிடும்.

கற்பனை வேண்டிய வேலை

இங்கே கணக்கு கொஞ்சம் வேறு. கணினிக்குப் புதிதாக எதுவும் தோன்றாது என்பதை 2016 மார்ச்சுக்குப் பிறகு யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. கோ என்ற பலகை விளையாட்டின் பெரிய வீரர் லீ செடோலுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் வைத்த 37வது காயைப் பார்த்து, தப்பாக வைத்துவிட்டதோ என்று அந்த விளையாட்டின் நிபுணர்களே திகைத்தார்கள். ஆனால் பலகையும் விதியும் எது வெற்றி என்பதும் அதற்கு முன்பே தரப்பட்டிருந்தன. வேலையிடத்தில் பாதி நேரம் எது பிரச்சினை என்பதே யாருக்கும் தெரியாது.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஸ்கேன் இயந்திரங்களை வடிவமைத்த டக் டீட்ஸ், தான் உருவாக்கிய எம்ஆர்ஐ இயந்திரம் வேலை செய்வதைப் பார்க்க ஒரு மருத்துவமனைக்குப் போனார். ஸ்கேனுக்கு வந்த சிறுமி அதைப் பார்த்துப் பயந்து அழுதாள். குழந்தைகள் அசையாமல் படுக்க வேண்டும் என்பதற்காகப் பலருக்கு மயக்க மருந்து கொடுப்பது வழக்கம் என்றும் அவருக்குத் தெரிய வந்தது. இயந்திரத்தின் தரவுகளில் குறை எதுவும் இல்லை. படம் தெளிவு, வேகம் நன்று. பிறகு அவர் குழந்தைகளோடு பழகுபவர்களிடம் பேசி, அறையையும் இயந்திரத்தையும் கடற்கொள்ளையர் கப்பலாகவும் விண்கலமாகவும் வரைந்து, அதன் இரைச்சலையே கதையில் சேர்த்தார். பிட்ஸ்பர்கின் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய அந்த ஏற்பாட்டால் மயக்க மருந்தின் தேவை குறைந்தது. இதில் பரிவு எங்கே முடிந்து கற்பனை எங்கே தொடங்கியது என்று பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. அழுகையைப் பார்த்ததுதான் யோசனைக்கு விதை. 'குழந்தைகள் பயப்படாத எம்ஆர்ஐ அறைக்கு ஐம்பது யோசனை கொடு' என்று கேட்டால் இன்று கணினி நொடியில் கொடுக்கும். கடற்கொள்ளையர் கப்பலும் அதில் இருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு யாராவது அந்த அறையில் நின்றிருக்க வேண்டும்.

கேள்வி கையில் வந்த பிறகு கணினியை ஒதுக்குவதும் வீம்பு. 2023ல் வந்த ஓர் ஆய்வில், அலுவலக எழுத்து வேலைகளைச் சாட்ஜிபிடி துணையுடன் செய்தவர்களுக்கு நேரம் 40 சதவீதம் குறைந்தது, தரம் 18 சதவீதம் கூடியது. ஆனால் 2024ல் சிறுகதைகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு ஒரு பொறியைக் காட்டியது. ஏஐ யோசனை வாங்கி எழுதிய கதைகள் தனித்தனியாகப் பார்த்தால் மேலாக இருந்தன. மொத்தமாகப் பார்த்தால் ஒன்றைப் போல ஒன்று இருந்தன. ஒரு டீமில் எல்லோரும் ஒரே கணினியிடம் யோசனை கேட்டால் அதேதான் நடக்கும். அதனால் முதல் யோசனையை ஒவ்வொருவரும் தனியாக எழுதி வைத்த பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும் என்று வரிசை வைப்பேன். வரைவு, மாற்று வடிவங்கள், பிழை பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகு கணினிக்கு.

சரி, எதை எடுப்பது? விதிவிலக்கே வராத வேலை என்றால் கணினி மட்டும் போதும். ஒருவரின் பணத்தையோ உடம்பையோ பெயரையோ தொடும் வேலை என்றால் நான்காவது வழி, அதுவும் முன்னால் இருப்பவருக்கு மேலே கேட்காமலே திருப்பிக் கொடுக்கவும் கெடு நீட்டிக்கவும் ஓர் எல்லை வரை அதிகாரத்தோடு. மூன்றாவது வழியைத் தவிர்க்க முடியாதவர்கள், மனிதரிடம் போகும் கதவை முதல் திரையிலேயே வையுங்கள். ஏழு பொத்தானுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டாம். பின்னால் இருப்பவருக்குச் சுலபமான அழைப்புகளிலும் ஒரு பங்கு போகட்டும். அதிகாரம் கொடுக்க மனமில்லை என்றால், ஸ்கிரிப்ட் படிக்க ஒரு மனிதரை உட்கார வைப்பதைவிடக் கணினியையே வைத்துவிடலாம். பேசுவது கணினி என்று முதல் வரியில் சொல்லிவிட்டால் போதும். எந்த வழியை எடுத்தாலும், ஓர் அழைப்பு எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று மட்டும் எண்ணாமல், அதே ஆள் அதே குறைக்காக மறுபடி எத்தனை தடவை வந்தார் என்பதையும் ஒரு மூன்று மாதம் எண்ணிப் பார்த்துவிட்டு விகிதத்தை மாற்றுங்கள்.